இறங்கக் கூடாத எண்

ஜவ்வாது மலைக்கு நான் கம்ப்யூட்டர் வேலைக்காகப் போகவில்லை. செல்போன் கோபுரத்துக்குக் கேபிள் இழுக்கும் கூட்டத்தோடு போனேன். இரண்டாவது வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டேன். கூட்டம் அடுத்த கோபுரத்துக்குப் போய்விட்டது. விட்டுவிட்டுப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. நானும் இரண்டு பேரை அப்படி விட்டுவிட்டு வந்தவன்தான்.

மலை விவசாயிகளின் சங்கம் ஒன்று தன் அலுவலக அறையில் படுக்க இடம் கொடுத்தது. ஒரு பக்கம் சாமை மூட்டைகள், இன்னொரு பக்கம் மேசை மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர். நடுவில் நான்கு நாள் கிடந்தேன். ஐந்தாம் நாள் தலை நிற்க ஆரம்பித்ததும் அந்தக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு கைப்பிடி தூசியும் ஒரு பல்லி முட்டையும் இருந்தன.

நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். வாணியம்பாடியில் தோல் ஷெட்டில் ஒரு வருடம் இருந்தேன். லாரியில் கிளீனராக வட நாடு வரை போனேன். பிறகு பெங்களூரில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கும் கடை ஒன்றில் மூன்று வருடம். நான் அதிகம் தங்கிய இடம் அதுதான். பிராசஸரை அதன் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்துக்கு மேல் ஓட்டுவதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஓவர்கிளாக் என்பார்கள். பிராசஸருக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது வினாடிக்கு முந்நூறு நானூறு கோடி முறை துடிக்கிறது. அந்தத் துடிப்பைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும். கூட்டுவதற்குக் கொஞ்சம் கூடுதல் மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் சூடு ஏறும். எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரிவதுதான் தொழில். இரண்டு மதர்போர்டுகளை எரித்த பிறகு எனக்கு அது ஓரளவு தெரிந்தது.

சங்கத்தில் அந்தக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவரை எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அவர் எந்தப் பள்ளியிலும் பாடம் எடுத்ததில்லை. அந்த மலையிலேயே பிறந்து, போளூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, திரும்பி வந்தவர். முப்பது வயது இருக்கும். சங்கத்தின் ட்ரோனைப் பறக்கவிட்டு நிலங்களைப் படம் எடுப்பது அவர் வேலை. காட்டை ஒட்டிப் பல தலைமுறையாக உழுதுவரும் குடும்பங்கள் வன உரிமைப் பட்டாவுக்கு மனுக் கொடுத்திருந்தன. யார் எந்த இடத்தில் உழுகிறார்கள் என்று காட்டும் வரைபடத்தை மனுவோடு சேர்க்க வேண்டும். பாறைகளில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டு, அவற்றை அடையாளமாக வைத்து, ஒவ்வொரு ஊருக்கும் நூற்றுக்கணக்கான படங்களை டீச்சர் எடுத்திருந்தார். அத்தனை படங்களையும் ஒன்றோடொன்று பொருத்தி ஒரே வரைபடமாகத் தைப்பது கம்ப்யூட்டரின் வேலை. அந்தப் பழைய பெட்டி ஓர் ஊருக்கு ஐந்து நாள் எடுத்துக்கொண்டது. நடுவில் கரண்டு போனால் மறுபடியும் முதலிலிருந்து.

போளூரில் அந்த மனுக்கள் மீதான விசாரணைக்கு ஒரு மாதமே இருந்தது. முடிக்க வேண்டியவை இரண்டு ஊர்கள். ஓடையை ஒட்டி இருந்தது கீழூர், சங்கத் தலைவருடையது மேலூர்.

"இத நான் ஒரே நாள்ல முடிக்கிற மாதிரி பண்ணித் தரேன்," என்று சொன்னேன். சாப்பாடு போட்டவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது உண்மை. என்னால் என்ன முடியும் என்று காட்டும் ஆசையும் இருந்தது.

பெங்களூருக்குப் போய்ப் பழைய கடையிலிருந்து ஒரு பிராசஸரும் போர்டும் வாங்கி வந்தேன். சங்கத்துக் காசோடு போனவன் இனி வரமாட்டான் என்று மேலூரில் பேசிக்கொண்டார்களாம். திரும்பி வந்தபோது சிலர் என்னைக் கொஞ்சம் ஏமாற்றத்தோடு பார்த்தார்கள்.

மாட்டி, வேகத்தைக் கூட்டி, நான்கு புள்ளி எட்டில் நிறுத்தினேன். வினாடிக்கு நானூற்று எண்பது கோடித் துடிப்பு. மலைக் குளிரில் அது சுகமாக ஓடியது. ஆனால் எல்லா வேலைக்கும் ஒரே வேகம் ஆகாது என்று எனக்குத் தெரியும். பிராசஸருக்கு வரும் கட்டளைகளில் சாதாரணமானவை உண்டு, கனமானவை உண்டு. சாதாரணக் கட்டளை ஒன்று ஒரு ஜோடி எண்களை எடுத்துக் கூட்டும், பெருக்கும். ஏ.வி.எக்ஸ் என்கிற கனமான கட்டளை எட்டு ஜோடிகளை ஒரே துடிப்பில் எடுத்துப் பெருக்கும். படங்களைப் பொருத்துகிற வேலை முழுக்க முழுக்க இந்தக் கனமான கட்டளைகள்தான். அவை வரும்போது பிராசஸர் இழுக்கும் மின்சாரம் சட்டென்று கூடுகிறது, சூடு பாய்கிறது. அதே துடிப்பில் அத்தனையையும் சரியாகச் செய்து முடிக்க நேரம் போதாது. அதனால் கனமான கட்டளை வந்தால் மட்டும் வேகத்தைச் சில படிகள் இறக்கிக்கொள்ளச் சொல்லும் ஏற்பாடு போர்டில் இருக்கிறது. நான் ஐந்து படி வைத்தேன். சும்மா இருந்தால் நான்கு புள்ளி எட்டு, வரைபட வேலை வந்தால் நான்கு புள்ளி மூன்று.

வேகத்தைக் காட்டும் சின்னக் கட்டம் ஒன்றைத் திரையின் மூலையில் வைத்தேன். அதை வைத்திருக்கக் கூடாது.

சங்கத் தலைவர் பார்க்க வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கீழே இறங்கி வியாபாரிகளிடம் பேசும் வேலையெல்லாம் அவருடையது. கூடவே நான்கைந்து பேர் வந்து நின்றார்கள். டீச்சர் கீழூர்ப் படங்களை ஏற்றி வேலையை ஆரம்பித்தார். விசிறிகள் இரைந்தன. மூலையில் இருந்த எண் நான்கு புள்ளி எட்டிலிருந்து நான்கு புள்ளி மூன்றுக்கு விழுந்தது.

தலைவர் குனிந்து பார்த்தார்.

"இன்னாப்பா இது? சும்மா கெடக்க சொல்ல எட்டு காட்டுச்சி. வேல குடுத்ததும் மூணுன்னுது?"

"கனமான வேல வந்தா அப்படித்தாங்க தலைவரே. தானா எறங்கிக்கும்."

"தானா எறங்குமா?"

"ஆமாங்க."

"மண்டிக்காரனும் இதத்தான் சொன்னான்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. டீச்சர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அடிவாரத்தில் ஒரு மண்டியில் எலக்ட்ரானிக் தராசில் பல வருடம் புளி நிறுத்திருக்கிறார்கள். வெறும் தராசு பூஜ்யம் காட்டும். ஒரு கிலோ வைத்தால் ஒரு கிலோ காட்டும். மூட்டை ஏறும்போது மட்டும் எண் கொஞ்சம் இறங்கி நிற்கும். தலைவர்தான் ஒருநாள் அதே மூட்டையை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாக நிறுக்கச் சொல்லிக் கண்டுபிடித்தார். அந்த மலையில் அவர் தலைவரானதே அன்றைக்குத்தான். பாரம் ஏறும்போது இறங்குகிற எண் எதுவானாலும் அவருக்கு அது திருட்டு எண்.

"பெங்களூர் சரக்கு," என்றார் ஒருவர். "மூட்ட ஏத்துனா மூச்சு வாங்குது."

"மாட்டுனவரே காய்ச்சல்ல கெடந்தவருதானே," என்றார் இன்னொருவர்.

தலைவர் சிரிக்கவில்லை. "பாரு தம்பி. எட்டுன்னு சொல்லி வாங்கிக்கினு வந்த. எட்டுல ஓடணும். ஓடாதுன்னா எடுத்த எடத்துலயே குடுத்துட்டு வா."

மின்சாரம், சூடு, கட்டளை என்றெல்லாம் நான் விளக்கியிருக்கலாம். ஆரம்பித்தும் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். எனக்கே முழுதாகத் தெரியாத ஒன்றை, என்னைத் திருடன் என்று பாதி நினைக்கிற ஐந்து பேர் முன்னால் எப்படிச் சொல்வது? "சரி பண்ணிடறேங்க," என்றேன்.

அன்று மத்தியானம் ஐந்து படி இறக்கத்தைப் பூஜ்யம் ஆக்கினேன். கூடவே மின்னழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். பிறகு என் பென்டிரைவில் இருந்த சோதனை நிரலை ஓட்டினேன். அது பிராசஸரை மணிக்கணக்கில் கணக்குப் போட வைத்து, விடைகளைச் சரிபார்க்கும். தப்பு ஒன்றுகூட வரவில்லை. ஆனால் அது மிகப் பழைய நிரல். கனமான கட்டளைகளை அது தொடவே தொடாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தே அதை ஓட்டினேன், தேறியது என்று டீச்சரிடம் சொன்னேன். புதிய சோதனையை இறக்கப் போதுமான சிக்னல் அங்கே இல்லை என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். சிக்னல் பாறை மேட்டில் இருந்தது, கால் மணி நேர நடை.

எண் அதன் பிறகு இறங்கவில்லை. தலைவர் தினமும் யாரையாவது கூட்டி வந்து காட்டினார். "எறங்குதா பாரு. எறங்காது." கீழூர் வரைபடம் எட்டு மணி நேரத்தில் முடிந்தது. டீச்சர் எனக்காக வீட்டிலிருந்து சாமைச் சோறும் கோழிக் குழம்பும் கொண்டுவந்தார். கீழூர்க் குடும்பங்கள் வரைபடத்தில் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தன. தயாரித்தவர் என்ற இடத்தில் டீச்சர் கையெழுத்துப் போட்டார். தலைவர் போளூருக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்து மேலூர் வரைபடமும் முடிந்தது. அதை விசாரணை நாளில் கையோடு கொண்டுபோவதாக ஏற்பாடு.

விசாரணை ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலை கீழூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஓடையை ஒட்டி அவர் நிலம் இருந்ததால் ஓடைக்கரை அம்மா என்பார்கள். கணவர் இறந்துவிட்டார், பெண்களைக் கட்டிக்கொடுத்தாயிற்று. தனியாளாக அந்தச் சரிவைக் கொத்திச் சாமை விதைத்துக்கொண்டிருந்தார். கைநாட்டு வைத்த அன்று கூட்டத்தில் வரைபடத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லையாம். சுவரில் ஒட்டியிருந்த நகலுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"எனக்கு ஓடையாண்ட புளியமரம் நாலு," என்றார். "இதுல மூணுதான் கீது."

டீச்சர் எழுந்து வந்தார். "நெழல்ல மறைஞ்சிருக்கும்மா."

"ஆடு மறையும். புளியமரம் எங்கடி மறையும்?"

"மேல இருந்து எடுக்கற படம்மா. ஒண்ணு ரெண்டு அப்படி ஆவும்."

"அப்ப என் கீழ்க்கொல்ல? அது ஏன் ஓடைக்கு அந்தாண்ட கீது? நான் இன்னா ஓடையத் தாண்டியா ஏர் ஓட்டறேன்?"

நானும் எழுந்துபோய்ப் பார்த்தேன். அந்த அம்மா விரல் வைத்த இடத்தில் ஓடை வளைந்து வந்து, படிக்கட்டு மாதிரி சட்டென்று பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடி வளைந்து போனது. ஓடை அப்படி ஓடாது. படங்களில் ஒரு வரிசை முழுக்க இடம் பெயர்ந்து தைக்கப்பட்டிருந்தது. அந்தத் தையலில் ஒரு மரம் விழுங்கப்பட்டிருந்தது. கீழ்க்கொல்லை ஓடையைத் தாண்டி எதிர்க்கரையில் கிடந்தது. எதிர்க்கரை காப்புக் காடு. அங்கே அவர் உழுத தடமே கிடையாது, அதிகாரிகள் வந்து பார்த்தால் மனு நிற்காது.

டீச்சர் அதே படங்களை மறுபடி ஏற்றி வேலையை ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை காலை புது வரைபடத்தில் மரம் நான்கும் இருந்தன. ஓடையும் வளைந்தே ஓடியது. ஆனால் வேறொரு மூலையில் ஒரு மேடு முளைத்திருந்தது. அங்கே மேடே கிடையாது. மூன்றாம் தடவை ஓட்டியபோது நிரல் பாதியில் செத்தது.

"ஒரே படம்தானேண்ணா," என்றார் டீச்சர். "ஒரே கணக்கு. இன்னாண்ணா இப்படி வேற வேற வருது?"

"சாப்ட்வேர் கோளாறா இருக்கும்."

அதைச் சொல்லும்போது எனக்குக் காரணம் தெரியும். சுவருக்கு முன்னால் நின்றபோதே தெரியும். பெங்களூர்க் கடையில் ஒருமுறை இதைப் பார்த்திருக்கிறேன். கனமான கட்டளை ஓடுகிறபோது வேகத்தை இறக்காமல் விட்டால் சில பெட்டிகள் நின்றுவிடும், திரை நீலமாகும், ஏதோ கோளாறு என்று உடனே தெரிந்துவிடும். சில பெட்டிகள் நிற்காது. கோடிக்கணக்கான பெருக்கல்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்பு விடையைப் போட்டுவிட்டு, எதுவும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டே இருக்கும். என்னுடையது இரண்டாவது ரகம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் பையை எடுத்துக்கொண்டு ஒடுகத்தூர் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். நான் எப்போதும் செய்வது அதுதான். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று பஸ் வரவில்லை. வந்திருந்தால் ஏறியிருப்பேன். என்னை யாரும் தடுக்கவில்லை, மனசாட்சியும் தடுக்கவில்லை. பஸ் வரவில்லை, அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

சனிக்கிழமை காலை டீச்சர் வருவதற்குள் வேகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். பெட்டியில் போட்டிருந்த வேகத்தைவிடவும் கொஞ்சம் குறைத்தேன். கனமான வேலைக்கு ஏழு படி இறக்கம் வைத்தேன். மூலையில் இருந்த கட்டத்தை மறைத்தேன். "ஏதோ அமைப்பு மாறியிருந்துச்சி, சரி பண்ணிட்டேன்," என்று டீச்சரிடம் சொல்லி, மேலூர்ப் படங்களை முதலில் ஓட்டச் சொன்னேன். மேலூர் வரைபடம் இன்னும் கொடுக்கப்படவில்லை. சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். ஞாயிறு காலைக்குள் இரண்டு தடவை ஓட்டினோம். இரண்டும் அச்சாக ஒன்றாக வந்தன. முன்பு எடுத்து வைத்திருந்த மேலூர் வரைபடத்தோடு வைத்துப் பார்த்தால் இரண்டு இடங்களில் வித்தியாசம் இருந்தது.

கீழூர் வரைபடத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. அது கையெழுத்தோடு போளூரில் இருந்தது. அதைத் திரும்பக் கேட்க வேண்டும் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

ஞாயிறு மத்தியானம் டீச்சர் அந்தக் கட்டத்தைத் திறந்தார். நான் வெளியே கை கழுவிவிட்டு உள்ளே வந்தபோது திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலூர் மூன்றாம் தடவையாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்று புள்ளி ஐந்து.

"எறங்கியிருக்கு," என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பழைய சோதனை நிரல் உட்பட.

"எப்பலேருந்து தெரியும்?"

"அந்தம்மா வந்து நின்னப்பவே."

"மரத்தக் காணோம்னப்பவா?"

"ஆமாம்மா."

அவர் திட்டவில்லை. "அதுல என் கையெழுத்து இருக்குண்ணா," என்று மட்டும் சொன்னார். எழுந்து தலைவர் வீட்டுக்குப் போனார்.

தலைவர் வந்தபோது பேச்சு முழுவதும் என்னைப் பற்றித்தான் இருந்தது. அதை இங்கே எழுதத் தேவையில்லை. பிறகு உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"நான் சொன்னதாலதான் எறக்காம வுட்டியா?"

"ஆமாங்க. முடியாதுன்னு நான் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்." சொம்பைக் கீழே வைத்தார். "சரி. குடுத்தது குடுத்ததா கெடக்கட்டும். நாளைக்கு விசாரணைய வச்சிக்கினு வாபஸ்னா, கீழூரு மொத்தமும் அடுத்த தடவைக்குப் போயிடும். அது எப்ப வருமோ. அந்தம்மாவுக்குத் தனியா ஒரு மனு எழுதிப் போடலாம்."

அதில் நியாயம் இருந்தது. அந்த அம்மா ஒருவருக்காகப் பத்துப் பதினைந்து குடும்பங்கள் காத்திருக்க வேண்டுமா என்று நானும் நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. "நாம முடிவு பண்ண வேணாங்க. நெலம் அவங்களது, அவங்களையே கேப்போம்."

பொழுது சாய்வதற்குள் கீழூருக்கு நடந்தோம். மாரியம்மன் கோயில் முன்னால் ஆட்கள் கூடினார்கள். டீச்சர் நடந்ததைச் சொன்னார். யாரும் சத்தம் போடவில்லை. ஒருவர் மட்டும் மெதுவாகக் கேட்டார். அவர் நிலம் ஓடைக்கரை அம்மாவின் நிலத்துக்கு மேலே.

"எங்களுது சரியாத்தானே கீது? அத வாங்கிக்கறோம். அந்தம்மாவுக்குப் பொறவு பாத்துக்கலாம். இன்னா சொல்றீங்க?"

சிலர் தலையாட்டினார்கள். ஓடைக்கரை அம்மா கோயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"உன்னுது சரியா கீதுன்னு உனக்கு எவன் சொன்னான்?"

"படத்துல நல்லாத்தானே கீது."

"எனக்கும் மரத்த எண்ணுறவரைக்கும் நல்லாத்தான் இருந்திச்சி." என் பக்கம் திரும்பினார். "யோவ். நீதானே அந்தப் பொட்டிய ஓட்டுன. எங்கெங்க தப்பாப் போட்டிருக்குதுன்னு சொல்லு."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"தெரியாதுங்கம்மா," என்றேன்.

"தெரியாதுன்னா?"

"எந்த எடத்துல தப்பாச்சோ, எத்தன எடத்துல ஆச்சோ, அந்தப் பொட்டிக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரிஞ்சது உங்க எடம். தெரியாதது எதுன்னு எனக்குச் சொல்ல வராது. சரியா இருக்கறதும் அதுலதான் இருக்கு. பிரிக்க முடியாது."

கேள்வி கேட்டவர் வரைபடத்தின் நகலை வாங்கி விரித்தார். தன் நிலத்தின் மேல் விரலை வைத்து ஓட்டினார். பாறை, கிணறு, மாட்டுக் கொட்டகை, கல்வரிசை. எல்லாம் இருந்தன. கல்வரிசை வரை வந்ததும் விரல் நின்றது. அது எத்தனை முழம் என்று நினைவில் கணக்குப் போட்டுப் பார்க்கிறார் என்று தெரிந்தது. மற்றவர்களும் நெருங்கி வந்து குனிந்தார்கள். அதுவரை ஒருவருக்கும் இல்லாத சந்தேகத்தை ஒரே பதிலில் அத்தனை பேருக்கும் கொடுத்திருந்தேன். இருட்டும் நேரத்தில் அவர் தாளை மடித்து டீச்சரிடம் கொடுத்தார்.

"வாபஸ் வாங்கிடும்மா," என்றார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் எல்லோரும் போளூருக்கு இறங்கினோம். மேலூர்க்காரர்கள் வெளுத்த வேட்டியில் வந்திருந்தார்கள். கீழூர்க்காரர்களும் அப்படித்தான் வந்தார்கள், மனு எடுக்கப்படாது என்று தெரிந்தும். வளைவுகளில் பஸ் திரும்பியபோதெல்லாம் டீச்சர் மடியில் இருந்த கோப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

விசாரணையில் கீழூர் பெயர் வந்ததும் டீச்சர் எழுந்து நின்றார்.

"சார், நாங்க குடுத்த வரைபடத்த திரும்ப வாங்கிக்கறோம். அது தப்பா இருக்கு."

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி கோப்பைப் புரட்டினார். "தயாரிச்சது நீங்கதானே? கையெழுத்து உங்களுதா?"

"ஆமாங்க சார்."

"எப்படித் தப்பாச்சு?"

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "கம்ப்யூட்டர அதால முடியாத வேகத்துல ஓட்டிட்டோம் சார்," என்றார். ஓட்டிட்டோம் என்றுதான் சொன்னார்.

நான் பின் வரிசையில் இருந்தேன். நான் சும்மா இருந்திருந்தால் பழி அவர் பெயரில் போயிருக்கும். எழுந்து, ஓட்டியவன் நான் என்று சொன்னேன். அந்த அதிகாரி கோபப்படவில்லை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். என்ன நடந்தது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். புது வரைபடத்தோடு அடுத்த விசாரணைக்கு நானும் நேரில் வர வேண்டும் என்றார்.

தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதினேன். பள்ளியை விட்ட பிறகு ஒரு பக்கம் முழுதாக எழுதியது அன்றுதான். கனமான கட்டளை வரும்போது வேகத்தை இறக்க வேண்டும் என்பதை, டீச்சரிடம் சொன்னதைப் போலவே எழுதினேன். கடைசியில் முகவரி எழுத வேண்டும். பேனா அங்கே நின்றது. எந்த ஊரை எழுதுவது?

தலைவர் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சங்கத்து அட்ரஸப் போடு," என்றார். "எங்க போயிடுவ, நானும் பாக்கறேன்."

எழுதினேன்.

மேலூரின் மனுக்கள் அன்று எடுக்கப்பட்டன. கீழூரின் மனுக்கள் தேதி குறிப்பிடாமல் தள்ளிப்போயின. போளூர் பஸ் நிலையத்தில் மேலூர்க்காரர்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். கீழூர்க்காரர்கள் சிலர் வாங்கிக் குடித்தார்கள். ஓடைக்கரை அம்மா வேண்டாம் என்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரமே கீழூர் வரைபடத்தைக் குறைந்த வேகத்தில் மூன்று தடவை ஓட்டினோம். மூன்றும் ஒன்றாக வந்தன. டீச்சர் மட்டும் அதை நம்பவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கொல்லையாகப் போய் அளந்தார், மறுமுனையை நான் பிடித்தேன். கல்வரிசையை அளந்த அன்று அந்த நிலத்துக்காரர் எங்களோடு கூடவே நடந்தார். அளவு சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் டேப்பை வாங்கித் தானே ஒருமுறை அளந்து பார்த்தார்.

மழை வந்தது. ஓடைக்கரை அம்மா கீழ்க்கொல்லையில் மறுபடி சாமை விதைத்திருக்கிறார். பட்டா இல்லாத நிலம்தான் இன்னும். வாரம் ஒருமுறை சங்கத்துக்கு வந்து வாசலிலேயே நின்று கேட்பார்.

"தேதி போட்டுக் கடுதாசி வந்துதா?"

"இல்லைங்கம்மா."

உள்ளே வந்து உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். களை இருக்கிறது என்று போய்விடுவார்.